குளியலறையைத் திருத்துமுன் நீரின் வழியை அறிவோம்

ஒரு வீட்டின் முன்விறாந்தை வருவோர் போவோருக்காக அமைவது; அதன் குளியலறையோ வீட்டிலிருப்போருக்காக அமைவது. விருந்தினர் கண்ணிற் படாத இடம் என்பதனாற் போலும், பல இல்லங்களிலே குளியலறையின் பழுதுகள் ஆண்டுக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. குழாய் சொட்டுகின்றது, அதன்கீழ் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போகின்றோம். சுவரிலே ஈரம் ஊறிப் பூச்சு உதிர்கின்றது, மறுபடியும் வெள்ளையடிக்கின்றோம். தரையிலே பாசி படர்ந்து வழுக்குகின்றது. "கவனமாக நடவுங்கள், ஆச்சி" என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுகின்றது.

பின்பு வீட்டிலே திருமணம் நிச்சயமானதும், அல்லது கடல் கடந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வருவதாகச் செய்தி கிடைத்ததும், எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் புதுக்க முற்படுகின்றோம். பளபளக்கும் ஓடுகளைத் தெரிந்தெடுக்கின்றோம். புதிய குழாய்களை வாங்குகின்றோம். அடுத்த மாரிக்குள் அந்த அழகிய ஓடுகளுக்கிடையே கறுப்புக் கோடுகள் தோன்றுகின்றன. மறுபக்கத்துப் படுக்கையறைச் சுவர் மீண்டும் நனைகின்றது. ஏறத்தாழ ஆயிரம் ரூபாவுக்கு விற்ற சீமெந்துப் பை 2022 ஆம் ஆண்டில் மூவாயிரம் ரூபாவைத் தாண்டிய காலத்தைக் கண்டவர்கள் நாம். ஒரே வேலையை இரண்டுமுறை செய்வதற்கு இன்று எந்தக் குடும்பத்தினால் இயலும்?

இத்தகைய தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. நாம் கண்ணுக்குத் தெரியும் அழகைத் திருத்துகின்றோம். கண்ணுக்குத் தெரியாத நீரைத் திருத்துவதில்லை. நம் முன்னோர் கிணற்றடியிலே நீராடினர். துலாவினாலும் கப்பியினாலும் அள்ளிய நீர் உடலை நனைத்து, வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் ஓடிற்று. நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது என்னும் இரண்டும் எல்லோர் கண்முன்னும் விளங்கின. குளியலறை வீட்டுக்குள் வந்தபின் வரும் வழி சுவருக்குள்ளும், போகும் வழி தரைக்குள்ளும் மறைந்துவிட்டன. ஆகவே, செப்பனிட விரும்புபவர் முதலில் அறியவேண்டியது ஓட்டின் நிறத்தையன்று, நீரின் வழியையே.

நோய் நாடல்

வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. அதுபோலவே சுவரை உடைக்குமுன் சில சோதனைகளைச் செய்தல் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, பொறுமையே போதும். உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் எவரும் இவற்றைத் தாமே செய்யலாம்.

முதலாவது, இரவிலே எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு நீர்மானியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மானியில்லாத வீட்டில், தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை நிறுத்தி, தொட்டியின் நீர்மட்டத்தைக் கோலொன்றினால் அளந்துகொள்ளுங்கள். எவரும் நீரைப் பயன்படுத்தாத நிலையில் காலையில் அளவு மாறியிருந்தால், எங்கோ ஓரிடத்திற் கசிவு உண்டு.

இரண்டாவது, மலசலகூடத்து நீர்த்தொட்டிக்குள் சிறிது நீலத்தையோ பீற்றூட் சாற்றையோ கலந்து, அரைமணி நேரம் எவரும் அதனைப் பயன்படுத்தாது விடுங்கள். நிறம் தானாகவே பீங்கானுக்குள் இறங்கியிருந்தால் தொட்டியின் அடியிலுள்ள இறப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்பது பொருள்.

மூன்றாவது, தரைச் சோதனை. நீர் வெளியேறும் துவாரத்தைத் துணியினால் இறுக அடைத்து, வாசற்படியைத் தாண்டாதவாறு ஓரங்குல உயரத்துக்கு நீரை நிறுத்தி, அதன் விளிம்பைச் சுவரிலே பென்சிலாற் குறித்து, ஒருநாள் முழுவதும் விட்டுவிடுங்கள். நீர் ஆவியாய்ச் சிறிது குறைவது இயல்பு. ஆனால் அரை அங்குலம் இறங்கினாலோ, மறுபக்கச் சுவரின் அடியில் ஈரம் தோன்றினாலோ, குற்றம் தரையிலேயே உள்ளது. மாடி வீடாயின் கீழ்த்தளத்துக் கூரையையும் நோக்குதல் வேண்டும்.

நான்காவது, ஈரமான சுவரிலே ஓரடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டு நாட்கள் விடுங்கள். உட்புறம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகின்றது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அது குளிக்கும் நீராவி படிந்த ஈரம். அதற்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை, யன்னலைத் திறந்து காற்றோட்டம் அளித்தாலே போதும்.

சொட்டும் குழாய்

சொட்டு நீரை நாம் மிகச் சாதாரணமாக எண்ணுகின்றோம். ஒரு லீற்றர்ப் போத்தலைக் குழாயின் கீழ் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அது நிறையுமாயின் ஒரு நாளைக்கு 24 லீற்றர். ஓராண்டுக்கு 8,760 லீற்றர். நீர்க் கட்டணப் பட்டியலிலே ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். அஃதாவது, எவரும் குளிக்காமலும் குடிக்காமலும் ஏறத்தாழ ஒன்பது அலகுக்கு நாம் பணம் செலுத்துகின்றோம். கிணற்று நீர் இலவசமன்றோ என்பார், அதனை ஏற்றும் மின்சாரத்தின் கட்டணத்தை நினைத்தல் வேண்டும்.

திருகிப் பூட்டும் பழைய முறைக் குழாயாயின் பிழை பெரும்பாலும் அதனுள்ளேயிருக்கும் சிறு இறப்பர் வொஷரிலேயே இருக்கும். முதலிற் பிரதான வால்வைப் பூட்டி, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடுங்கள். தரைத் துவாரத்தைத் துணியால் மூடுங்கள். இன்றேல் கைதவறும் திருகாணி அதற்குள் மறைந்துவிடும். பின்பு கைபிடியைக் கழற்றி, தலைப்பகுதியைச் சாவியினாற் பிடித்து இடப்புறமாகத் திருப்பினால் வொஷர் வெளிப்படும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுசென்று அதே அளவில் வாங்குவதே நல்லது. கண்மதிப்பாக வாங்கியது பெரும்பாலும் பொருந்துவதில்லை. புதியதை வைத்தபின்னரும் சொட்டுமாயின், வொஷர் அமரும் உலோக விளிம்பு அரிப்புண்டிருக்கும். அப்போது குழாயையே மாற்றுதல் மேலானது. கால்வட்டம் திருப்பினாலே திறக்கும் புதுமுறைக் குழாய்களில் இறப்பருக்குப் பதிலாகப் பீங்கான் தட்டுகள் உள்ளன. அவற்றில் உட்பகுதி முழுவதையும் ஒன்றாகவே மாற்றவேண்டும்.

இன்னுமொன்று: சொட்டுகின்றதென்று குழாயை வலுக்கொண்டு இறுக்குவது நம்மவரிடையே காணப்படும் பழக்கம். இறுக்க இறுக்க இறப்பர் நசிந்து, கசிவு அதிகரிக்குமேயன்றிக் குறையாது.

ஓட்டின் கீழே இருப்பது

ஓடு பதித்தால் நீர் உட்புகாது என்பது பலரின் நம்பிக்கை. ஓட்டினூடாக நீர் புகுவது அரிதே. ஆனால் ஓடுகளுக்கிடையேயுள்ள சாந்து நீரை உறிஞ்சவல்லது. ஆகவே நீரைத் தடுக்கவேண்டியது ஓட்டின் கீழேயுள்ள படையேயாகும். சிந்துவெளியின் மொகெஞ்சதாரோவிலே 1920 களின் நடுப்பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உடையது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குளத்தைக் கட்டியவர்கள் செங்கற்களை நெருக்கி அடுக்கியதோடு நின்றுவிடவில்லை. அவற்றின் பின்னே நிலக்கீற் படையொன்றையும் இட்டனர். கல்லை மாத்திரம் நம்பாத அந்த மதிநுட்பம் இன்றைய குளியலறைக்கும் வேண்டும்.

இன்று இதற்கெனச் சீமெந்தோடு கலந்து பூசும் நீர்த்தடைப் பூச்சுகள் கடைகளிற் கிடைக்கின்றன. பழைய ஓட்டை அகற்றித் தரையைத் துப்புரவாக்கிய பின், முதற்பூச்சை ஒரு திசையிலும், அது காய்ந்ததும் இரண்டாம் பூச்சை அதற்குக் குறுக்காகவும் பூசவேண்டும். தரையோடு நிறுத்தாது சுவரிலும் ஓரடி உயரத்துக்கும், மேலிருந்து நீர் தெறிக்கும் பக்கத்தில் ஆறடி உயரத்துக்கும் பூசுதல் நலம். தரையும் சுவரும் சந்திக்கும் மூலையும், குழாய் தரையை ஊடறுக்கும் இடமுமே அதிகம் கசிபவை. அங்கே கூடுதற் கவனம் வேண்டும். பூச்சு முற்றாக உலர்ந்தபின், மேலே கூறிய தரைச் சோதனையை மீண்டும் செய்து பார்த்த பின்னரே ஓடு பதிக்கவேண்டும். மேசன் அவசரப்பட்டாலும் வீட்டுக்காரர் அவசரப்படலாகாது.

தரை, துவாரத்தை நோக்கி ஆறடிக்கு ஓரங்குலம் தாழ்ந்திருப்பது பொருத்தமானது. அதற்குக் குறைந்தால் நீர் தேங்கும். தேங்கிய இடத்திற் பாசி பிடிக்கும். சாந்துக்குச் சீமெந்து ஒரு பங்கும் மணல் மூன்று பங்குமாகக் கலந்து, குழைத்ததை அரைமணி நேரத்துள் முடிக்கவேண்டும். இறுகத் தொடங்கிய சாந்துக்கு மேலும் நீர் விட்டுக் குழைப்பது அதன் வலிமையைக் கெடுக்கும். கடற்கரை மணலை அள்ளிவந்து கலத்தல் ஆகாது. அதிலுள்ள உப்பு சுவரிலே வெண்பூவாகப் பூத்து, உள்ளிருக்கும் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்யும். இட்ட சாந்தை ஏழு நாட்களுக்கு ஈரங்காயாது காத்தல் வேண்டும். சீமெந்து கைத்தோலை அரிக்குமாதலின் கையுறையின்றித் தொடவேண்டாம்.

சிறிய வெடிப்பாயின் முழுத் தரையையும் உடைக்க வேண்டியதில்லை. வெடிப்பின்மேற் சீமெந்தைத் தடவி மறைப்பது மாத்திரம் பயனற்றது. பழைய சாந்தைக் கூரிய ஆணியாற் சுரண்டி, தூசியைக் கழுவி, ஈரமாக்கி, இடைவெளியின் அடிவரை புதிய சாந்தை அழுத்தி நிரப்புதல் வேண்டும். சுவரும் தரையும் கூடும் மூலை வெப்பத்தாலும் பாரத்தாலும் சற்று அசைவதாகலின், அங்கே இறுகும் சாந்துக்குப் பதிலாக நெகிழ்ந்து கொடுக்கும் சிலிக்கன் பசையை இடுவது நீடித்துநிற்கும்.

நாற்றத்தைத் தடுக்கும் நீர்

எவ்வளவு கழுவியும் சில குளியலறைகளில் நாற்றம் நீங்குவதில்லை. துவாரத்தின் கீழே வளைந்த குழாயொன்று இருக்கின்றது. அதன் வளைவில் எப்போதும் இரண்டங்குலமளவு நீர் நின்று, கழிவுக் குழியின் வாயு மேலே வராதவாறு பூட்டுப்போல் அடைத்துக்கொள்கின்றது. அதிகம் பயன்படாத குளியலறையிலே அந்நீர் வற்றிவிடும், பூட்டுத் திறந்துகொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாளி நீரை ஊற்றினாலே நாற்றம் அகலும். அடைப்பெடுக்கும் வேலையில் அவ்வளைவை வெட்டி நேராக்கிவிடும்படி எவரேனும் யோசனை கூறினால், அதற்குச் செவிசாய்க்கலாகாது.

துப்புரவு செய்யும்போது அமிலத்தையும் குளோரீன் கலந்த வெளுப்புத் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றவேண்டாம். அவற்றின் கலப்பினால் எழும் குளோரீன் வாயு, கதவடைத்த சிற்றறையிலே உயிருக்கே ஆபத்தாகும்.

முதியோரும் மின்சாரமும்

குளியலறை வீட்டிலே மிகச் சிறிய அறை. ஆயினும் முதியோர் வழுக்கி விழும் இடங்களில் அதுவும் ஒன்று. இடுப்பெலும்பு முறிந்த மூத்தவர் பலர் பின்னர் படுக்கையை விட்டெழுவதேயில்லை. ஆகவே ஓடு தெரிந்தெடுக்கையில் பளபளப்பை நோக்காது, ஈரக்காலோடு நின்றால் வழுக்காத சொரசொரப்பை நோக்குங்கள். பீங்கானின் அருகிலும் குளிக்குமிடத்திலும் கைபிடிக் கம்பிகளைப் பொருத்துங்கள். அவை திண்மையான கல்லிலோ கொங்கிரீற்றிலோ ஊன்றவேண்டும், வெறும் பூச்சிலன்று. கதவு வெளிப்புறமாகத் திறப்பதாயின், உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் திறந்துவிடலாம்.

மின்சார ஆளிகள் அறைக்கு வெளியே இருப்பதே முறை. நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. ஈர உடம்புக்கு அது எமனுக்கு ஒப்பானது. 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் காப்பு ஆளி வீட்டில் இருக்கின்றதா என்று பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பாருங்கள். நீர் சூடாக்கியின் கம்பிகளையோ மோட்டாரின் கம்பிகளையோ தாமே தொட்டுத் திருத்துவது வேண்டாம். அது மின்வினைஞரின் தொழில்.

போகும் நீர் எங்கே போகின்றது?

இதுவரை கூறியவற்றிலே பிழைத்தால் நம் பணம் மாத்திரம் விரயமாகும். இனிக் கூறப்போவதிற் பிழைத்தால் அயலவரின் குடிநீரும் கெடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கித் தேங்குவதே நம் கிணற்று நீர். அப்பாறை திண்மையானதன்று; வெடிப்புகளும் குகைவழிகளும் நிறைந்தது. கடலோரத்துக் கீரிமலைக் கேணியிலே நன்னீர் ஊற்றெடுப்பதும், நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாக நிற்பதும் அந்த நிலத்தடி வழிகளினாலேயே. மணலினூடாகச் செல்லும் அழுக்கு நீர் மெதுவாக ஊறி ஓரளவு வடிந்து தெளியும். சுண்ணக்கல் வெடிப்பினூடாகச் செல்வதோ தெளிய அவகாசமின்றி விரைந்து கிணற்றை அடையும்.

குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். தோட்டங்களுக்கு இடும் பசளை ஒரு காரணம். மலக்குழிகள் மற்றொரு காரணம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லி கிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதனை மீறிய நீரிலே பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். இங்கே தாய்மார் சிறப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு: கொதிக்கவைத்தால் கிருமிகள் இறக்கும், நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

மலக்குழிக்கும் கிணற்றுக்குமிடையே 50 அடியாவது இருக்கவேண்டுமென்று வழமையாகக் கூறுவர். வெடிப்புள்ள சுண்ணக்கல் நிலத்தில் அதுவும் போதாது போகலாம். நிலங்களோ பங்கிடப்பட்டுச் சிறுத்துவிட்டன. இரண்டு பரப்புக் காணி என்பது சதுரமாயிருந்தால் ஏறத்தாழ 74 அடிக்கு 74 அடிதான். அதற்குள் வீடும் கிணறும் குழியும் அமைந்து, வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறும் இருக்குமாயின், 50 அடியை எங்கே தேடுவது? ஆகவே புதிய குளியலறைக்கு இடம் குறிக்குமுன், நம் கிணற்றிலிருந்து மாத்திரமன்றி, நான்கு வேலிக்கும் அப்பாலுள்ள கிணறுகளிலிருந்தும் தூரத்தை அளந்து பார்த்தல் அறமாகும். அடியில்லாத குழிக்குப் பதிலாக, அடியும் சுவரும் நீர்புகாது பூசிய தொட்டியை அமைக்கவேண்டும். பாறை மேலாகவே தென்படும் இடத்தில், தொட்டியின் தெளிந்த நீரை ஆழக் குழியில் விடாது, மண்ணை உயர்த்திய படுகையிலே பரவவிடுதல் நன்று. இவ்விடயத்திலே பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையும் பிரதேச சபையின் அனுமதியும் பெறாது தொடங்கலாகாது.

குளித்த நீரை மலக்குழிக்குள் விடுவது மற்றொரு தவறு. அது குழியை விரைவில் நிரப்பி, தெளியாத மலநீரை வெளியே தள்ளும். தனிக்குழாயிட்டு, கிணற்றுக்கு எதிர்த்திசையிலே வாழைக்கும் கமுகுக்கும் அதனைப் பாய்ச்சுங்கள். கிணற்றடி வாழையை நட்ட நம் மூத்தோரின் முறையே இது. வீட்டுக்குள் வந்த குளியலறைக்கும் அது முற்றும் பொருந்தும்.

எதை நாமே செய்யலாம்?

வொஷர் மாற்றல், வெடிப்பு நிரப்பல், தொட்டியின் இறப்பர் மூடியை மாற்றல், மேலே கூறிய சோதனைகள் யாவும் வீட்டவர் செய்யக்கூடியவை. ஓடு பதித்தலும் நீர்த்தடைப் பூச்சும் பழகியவரோடு கூடிச் செய்யத்தக்கவை. மின்சாரமும் மலக்குழியும் நம் வேலையல்ல. சிறப்பாக, மூடிய குழிக்குள் எக்காரணம் கொண்டும் எவரும் இறங்கவேண்டாம். அங்கே தேங்கும் வாயு ஓரிரு மூச்சிலே மயக்கி வீழ்த்தும். காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட துயரச் செய்திகள் பல. அவ்வாறே, கூரையின் பழைய அஸ்பெஸ்ரஸ் தகடுகளை அறுப்பதும் துளைப்பதும் தவிர்க்கத்தக்கவை. அவற்றின் தூசி நுரையீரலுக்குக் கொடியது.

கையிலுள்ள பணம் குறைவாயின் கவலற்க. இவ்வாண்டு கசிவை நிறுத்துங்கள். அடுத்த ஆண்டு தரையைச் சரிசெய்யுங்கள். அதன்பின் கழிவுநீரின் வழியைத் திருத்துங்கள். குழி கிணற்றுக்கு அண்மையிலிருந்தால் அதனையே முதலில் வையுங்கள். அழகிய ஓடு கடைசியாக வரட்டும். நிறம் மங்கிய ஓட்டின்மேல் நின்று நீராடியதால் எவரும் நோயுற்றதில்லை. கெட்ட கிணற்று நீர் எத்தனையோ இல்லங்களில் நோயை விளைத்துள்ளது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரத்திலே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு போத்தலும் ஒரு பென்சிலும் ஓர் அளவுநாடாவுமாக வீட்டைச் சுற்றி வாருங்கள். நீர் வரும் வழியையும் போகும் வழியையும் கண்டறிந்துவிட்டால், திருத்தவேண்டியது எது என்பது தானே விளங்கும்.